சொந்தப் படங்களுக்கு நடுவர் எதற்கு?

டிசம்பர் வந்துவிட்டால் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு வேலை வந்து சேர்கிறது. ஆண்டு முழுவதும் எடுத்துக் குவித்த படங்களிலிருந்து மனத்துக்குப் பிடித்த பத்தோ பன்னிரண்டோ பொறுக்கி எடுக்க வேண்டும். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர், சிவகாசி அச்சகத்தில் இருப்பவர், சாத்தூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர் என்று ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இந்த வட்டாரத்தில் இப்போது நிறையப் பேர். அவர்கள் பொறுக்க உட்காரும்போது காதில் விழும் அறிவுரை ஒன்றுதான்: உன் படத்தில் எது நல்ல படம் என்று உனக்குத் தெரியாது, உனக்கு அதன்மேல் பாசம் இருக்கிறது, பாசம் கண்ணை மறைக்கும், அதனால் அடுத்தவர் சொல்லட்டும். அடுத்தவர் என்பது சிலருக்கு இன்ஸ்டாகிராம் லைக். சிலருக்குப் போட்டி நடுவர். சிலருக்கு ஃபோன் தானாகவே பாட்டுப் போட்டுத் தொகுத்துக் கொடுக்கும் ஆண்டு நினைவுகள். மூன்றும் வேறு வேறு போலத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம். எடுத்தவரின் பற்று ஒரு குறை, அதை வடிகட்டி எறிந்தால்தான் நல்ல படம் மிஞ்சும் என்பது அது. இந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. சொந்த ஆண்டின் சொந்தப் படங்களைப் பொறுத்தவரை, எடுத்தவரின் பற்றுக்குள்தான் வேறு யாரிடமும் இல்லாத தகவல் இருக்கிறது. அதை வடிகட்டினால் படமும் கூடவே போய்விடும்.

அடுத்தவருக்காகப் படம் பொறுக்குவது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. நடப்பு ஆண்டு முடிய இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே வரும் ஆண்டின் படம் முடிவாகிவிடுகிறது. ஏஜெண்ட் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுகிறார். ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள்: பிள்ளையார், முருகன், லட்சுமி, சிரிக்கும் குழந்தை, அருவி. கடைக்காரர் தமக்குப் பிடித்ததைத் தேடுவதில்லை. தம் வாடிக்கையாளர் ஒருவரும் முகம் சுளிக்காமல் சுவரில் மாட்டக்கூடிய படத்தைத் தேடுகிறார். அதன் கீழே கடையின் பெயர் எடுப்பாகத் தெரிய வேண்டும். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சு வழியாகத் தென்னாட்டு வீடுகளின் சுவரெல்லாம் ஏறியதற்கு இந்தத் தேர்வு முறையும் ஒரு காரணம். அந்த ஓவியர்களின் கைத்திறனை நான் பெரிதாக மதிக்கிறேன். விளம்பரக் காலண்டருக்கு இதுவே சரியான அளவுகோல். ஆயிரம் சுவர்களுக்குப் பொருந்த வேண்டிய படத்தை ஆயிரம் பேரை நினைத்துத்தான் பொறுக்க முடியும். ஆனால் ஒருவருடைய ஓர் ஆண்டு ஒரே ஒரு சுவருக்கு உரியது. அதற்கும் இந்த அளவுகோலையே எடுத்து வைத்தால், அவர் ஆண்டு முழுவதும் ஒரு படம்கூடத் தமக்காக எடுக்கவில்லை என்று ஆகிவிடும்.

முதலில் லைக். ஒரு படத்துக்கு எத்தனை லைக் விழுகிறது என்பது எதை அளக்கிறது? பின்தொடர்பவர் எத்தனை பேர், எந்த நேரத்தில் போட்டது, நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டு போகிற வேகத்தில் அந்தப் படம் ஒரு கணம் நிறுத்தியதா, இவ்வளவுதான். தீபாவளி இரவில் இந்த வட்டாரத்துப் படக்காரர்கள் எல்லோரும் மொட்டைமாடியில் ஸ்டாண்டை நிறுத்துகிறார்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, மூன்று நான்கு நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் வாணவேடிக்கை ஒளிக்கோடுகளாக விழும். அதை ஏற்றினால் லைக் குவியும். அந்தப் படத்தை டோக்கியோவில் எடுத்த படத்தோடு கலந்து வைத்தால் எது எந்த ஊர் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. லைக் கொடுத்தவர் பார்த்தது நிறத்தை மட்டும். பட்டாசு செய்து பிழைக்கும் இந்த ஊர்க்காரர் பார்ப்பது வேறு. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம் என்று அவருக்குத் தெரியும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது தெரியும். அந்த ஆண்டிலிருந்து ஊரில் யார் யாருக்கு எத்தனை நாள் வேலை குறைந்தது என்பதும் தெரியும். சரவெடி பின்னிப் பழகிய ஒரு கிழவி, வேலையில்லாத மத்தியானத்தில் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருந்தால், அதில் மடியில் கிடக்கும் அந்த இரண்டு கைகள்தான் செய்தி. விரல் நுனியில் ஏறி நின்றுபோன மருந்துக் கறை, முடிச்சுப் போட்டுப் போட்டுப் பக்கவாட்டில் காய்த்துப்போன ஆள்காட்டி விரல், இவையெல்லாம் கட்டைவிரல் தள்ளும் வேகத்தில் யார் கண்ணிலும் படாது. லைக் விழாத அந்தப் படத்தை ஆண்டின் பன்னிரண்டில் ஒன்றாக எடுத்து வைக்க, அவளைத் தெரிந்தவர் ஒருவரால்தான் முடியும். இன்ஸ்டாகிராமே 2021இல் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ள வழி கொடுத்தது. அந்த எண்ணால் ஆள்களுக்கு ஏற்படும் உளைச்சலை அதை நடத்துகிறவர்களே கணக்கில் எடுக்க வேண்டியிருந்திருக்கிறது. நாம் மட்டும் அதைத் தீர்ப்பாக ஏன் ஏற்க வேண்டும்?

போட்டி நடுவர் லைக்கைவிட மேலானவர்தான், மறுக்கவில்லை. ஒளி, கட்டமைப்பு, தருணம் எல்லாம் அறிந்தவர். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு சர்வதேசப் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் திரையில் சில நொடிகள் நிற்கிறது, பொத்தானை அழுத்தி மதிப்பெண் போடுகிறார், அடுத்த படம். 1950இல் தொடங்கிய எஃப்ஐஏபி என்ற உலகக் கூட்டமைப்பு தரும் பட்டங்களுக்குக்கூட, எத்தனை போட்டிகளில் எத்தனை படங்கள் ஏற்கப்பட்டன என்ற எண்ணிக்கைதான் அடிப்படைத் தகுதி. சில நொடிகளில் வெல்ல வேண்டிய படம், பார்ப்பவர் ஏற்கெனவே அறிந்த ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். சிவகாசி என்றால் நடுவர் ஏற்கெனவே அறிந்தது என்ன? அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாய் மின்னும் கைகள், திரி அடுக்கும் பெண்கள், புகை, தீ. வெளியூர்க் கேமராக்கள் இந்த மண்ணுக்கு ஆண்டில் இரண்டு தடவை வருகின்றன: தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒரு தடவை, வெடிவிபத்து நடந்த மறுநாள் ஒரு தடவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது உலகம் பார்த்தது புகையையும் தரைமட்டமான அறைகளையும். அந்தப் படங்கள் தேவையானவை. அவை இல்லாவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லாமல் போயிருக்கும். ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர் தம் ஆண்டின் படங்களை நடுவரின் கண்கொண்டு பொறுக்கினால், தம் ஊரை வெளியூர்க்காரராகத்தான் பார்த்தவராகிறார். விடியற்காலையில் கிராமத்து முக்கில் ஆலை வண்டிக்கு நிற்பவர்களின் தூக்குவாளி வரிசை, தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடக்கும் வாரங்களில் பகலில் வீட்டில் இருக்கும் அப்பா, பங்குனிப் பொங்கலுக்குப் புதுச்சேலை கட்டி முடித்துக் கண்ணாடி பார்க்கும் மதினி, இவை நடுவர் முன்னால் சில நொடிகள்கூடத் தாங்காது. ஆனால் இவைதான் இங்கே ஓர் ஆண்டு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டு போக அனுமதியில்லை. அது நியாயமான பாதுகாப்பு விதி. அதன் விளைவு, வாழ்நாளில் பெரும்பகுதியை வேலையில் கழிக்கும் ஒரு பெண்ணின் படம் ஆலை வாசலுக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமையோ கோயில் கொடையிலோ கல்யாண வீட்டிலோதான் பதிவாக முடியும். அதை எடுக்கிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரர், மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை. விபத்துச் செய்தியோடு நாளிதழில் வரும் சின்னக் கட்டப் படம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆதார் அட்டையிலிருந்தும், யாரோ எடுத்த கல்யாணக் கூட்டுப் படத்திலிருந்து தோள்பட்டை வரை வெட்டியும் கொடுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் குடும்பம் தேடுவது போட்டியில் ஏற்கப்பட்ட படத்தை அல்ல. முகம் தெரிகிற, அவர் அவராகவே இருக்கிற ஒரு படத்தை. அப்படியொரு படம் ஃபோனில் பல்லாயிரம் படங்களுக்கு நடுவே பெயரில்லாமல் புதைந்து கிடப்பதும், அந்த ஆண்டின் பன்னிரண்டில் ஒன்றாக எடுத்து வைக்கப்பட்டிருப்பதும் ஒன்றா?

எடுத்தவருக்குத் தெரிந்திருப்பது படத்துக்கு வெளியே இருக்கும் விஷயம், படத்தை அதன் கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பார்கள் படக்கலை தெரிந்தவர்கள். ஆலங்குளத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. வெம்பக்கோட்டையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்கே குழிக்குள் ஒரு சங்கு வளையல் துண்டு தென்பட்டால் உடனே கையில் எடுத்துவிடுவதில்லை. அது கிடக்கும் இடத்திலேயே வைத்து, பக்கத்தில் அளவுகோலும் வடதிசை அம்பும் வைத்து, குழி எண்ணும் ஆழமும் தேதியும் எழுதிய பலகையோடு படம் எடுக்கிறார்கள். பலகை இல்லாத படம் அழகாக இருக்கலாம். ஆய்வாளருக்கு அது பயன்படாது. எங்கே, எப்போது, எதன் பக்கத்தில் என்ற தகவல் படத்தின் பகுதியாகவே கருதப்படுகிறது. வீட்டுப் படத்துக்கு அந்தத் தகவலைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் எடுத்தவர். நடுவரிடம் போகும்போது படம் அந்தப் பலகை இல்லாமல் போகிறது. பிறகு இதில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால், அது அவருடைய பிழையும் அல்ல, படத்தின் பிழையும் அல்ல.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. எடுத்தவரின் நினைவு உண்மையிலேயே ஏமாற்றும். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, குளிரில் மலையேறி எடுத்த படம் என்றால், பட்ட பாடு அத்தனையும் படத்தில் இருப்பதாகத் தோன்றும். பார்ப்பவருக்கோ அது வெறும் மூடுபனி. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு மருந்து அடுத்தவர் கண் அல்ல, காலம். நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை ஓராண்டு, சில சமயம் அதற்கும் மேல் கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த அன்றைய மனநிலை தீர்ப்பில் கலக்கக் கூடாது என்பதற்காக. 1984இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் கழுவப்படாமலே இருந்தன. அது எல்லை மீறிப் போனது என்று எனக்கும் படுகிறது. ஆனால் அவருடைய காரணம் சரியானது. ஆண்டு முடிவில் பொறுக்குவது என்ற வழக்கமே இந்த இடைவெளியைத் தந்துவிடுகிறது. சித்திரையில் எடுத்ததை மார்கழியில் பார்க்கும்போது மலையேறிய களைப்பு வடிந்திருக்கும். களைப்பு வடிந்த பிறகும் பிடித்திருந்தால், பிடித்தது படம்தான்.

காலம் எப்படித் திருத்துகிறது என்பதற்கு ழாக் ஆன்ரி லார்ட்டீக்கைவிட நல்ல சான்று கிடைக்காது. பிரெஞ்சுக்காரர், 1894இல் பிறந்தவர், சிறு பையனாகக் கேமராவைக் கையில் எடுத்தவர், படத்தால் பிழைப்பு நடத்தியவர் அல்ல. தம் அண்ணன், உறவுப் பிள்ளைகள், வீட்டார், கார், காற்றாடி, கடற்கரை என்று எடுத்து, தாமே பொறுக்கி, தாமே ஒட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் சேர்த்தார். எந்த நடுவரும் அவற்றைப் பார்க்கவில்லை. 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு 69 வயது. அவருடைய மிகப் புகழ்பெற்ற படம், சக்கரம் சாய்ந்த முட்டைபோல நீண்டு பாதி கட்டத்துக்கு வெளியே ஓடும் பந்தயக் கார். அதை அவர் தொடக்கத்தில் தவறிப்போன படம் என்றே ஒதுக்கியிருந்தார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே எடுத்தார். எடுத்தவருக்கே தெரியவில்லை, பார்த்தீர்களா என்று எதிர்த்தரப்பு இதைக் காட்டலாம். ஆனால் அன்றைய நடுவர் குழு அதை எப்படிப் பார்த்திருக்கும்? வண்டி வெட்டுப்பட்டிருக்கிறது, சக்கரம் கோணல், நிற்பவர்கள் சாய்ந்திருக்கிறார்கள் என்று அதே நாளில் தள்ளியிருக்கும். அவர் வைத்திருந்தார், அவரே மீண்டும் பார்த்தார், அவரே மனம் மாறினார். ஒரு தடவை பொறுக்குவதோடு முடியாது, பழைய ஆண்டுகளுக்கும் திரும்பிப் போக வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

ஆளாளுக்குத் தம் படத்தைத் தாமே மெச்சிக்கொண்டால் தரம் என்ன ஆவது என்று அடுத்த கேள்வி வரும். கைத்திறன் வேறு, இந்தத் தேர்வு வேறு. கைத்திறனை ஆண்டு முழுவதும் அடுத்தவரிடம் கற்கத்தான் வேண்டும். அடிவானம் சாய்ந்திருக்கிறது, முகத்தில் நிழல் விழுந்திருக்கிறது என்று மூத்தவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் சொந்தத் தேர்வு இளகிய தேர்வு என்று யார் சொன்னது? ராபர்ட் ஃபிராங்க் 1955 முதல் 1957 வரை அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றிலிருந்து தம் நூலில் வைத்தது 83. தரத்தில் யாரும் குறை காண முடியாத ஆன்சல் ஆடம்ஸ், ஓர் ஆண்டில் பன்னிரண்டு நல்ல படம் தேறினாலே நல்ல விளைச்சல் என்று கருதியவர். வெளியாள் எவரும் இந்த அளவு கண்டிப்பாக இருக்கமாட்டார், ஏனென்றால் ஒரு படத்தைத் தள்ளும்போது அவருக்கு எதுவும் வலிப்பதில்லை. தம்பி கல்யாணத்தில் நானூறு படம் எடுத்தவர் அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்போது மற்ற 399-இல் இருப்பவர்களையும் நினைத்தபடிதான் தள்ளுகிறார். பிடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது. ஏன் இது என்று இரண்டு வரியில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத படம் பன்னிரண்டில் நிற்கக் கூடாது. பற்று வேண்டும் என்கிற நான், பற்றுக்குக் காரணமும் வேண்டும் என்றே சொல்கிறேன்.

ஃபோன் தொகுத்துத் தருவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது தெளிவான முகத்தையும், சிரிப்பையும், அடிக்கடி வரும் ஆளையும், சுற்றுலாப் போன தேதியையும் கண்டுபிடிக்கிறது. முதுகு காட்டி நடந்துபோகும் தாத்தாவை அது எடுக்காது. அது அவருடைய கடைசி நடை என்று அதற்குத் தெரியாது. ஆண்டில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்த திருப்பூர் அக்கா அதன் கணக்கில் முக்கியமில்லாத ஆள். கலங்கிய படத்தைக் கழித்துவிடும். வீட்டில் ஒரு சாவு நடந்த மாதத்துக்கும் பாட்டுப் போட்டுக் கொடுக்கும்.

கடைசியாக வரும் எதிர்வாதம்தான் மிகவும் பரவலானது: இதெல்லாம் தற்பெருமை, உன் வீட்டுப் படம் யாருக்கு வேண்டும்? பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட தம் புகைப்பட நூலில், இறந்துபோன தாயின் சிறுவயதுப் படம் ஒன்றைச் சுற்றியே நூலின் பாதியை எழுதிவிட்டு, அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. வாசகருக்கு அது இன்னொரு பழைய படமாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் வேண்டிய படமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆனால் இதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்னுருவாக்கியிருக்கிறது. வீட்டுச் சுவரிலும் தகரப் பெட்டியிலும் கிடந்த, அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டுமே வேண்டியிருந்த படங்கள் அவை. இன்று தமிழ்க் குடும்பம் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதற்கு அவைதான் ஆவணம். அவை தப்பியதற்குக் காரணம், யாரோ ஒருவர் அவற்றை அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டியது. பொறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விவியன் மையர் இருக்கிறார். சிகாகோவில் குழந்தை பார்க்கும் வேலை செய்துகொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். பெரும்பாலானவற்றை அவர் அச்சிட்டுப் பார்க்கவே இல்லை. வாடகை கட்டாத கிடங்கிலிருந்து 2007இல் அவை ஏலம் போயின; 2009இல் அவர் இறந்தார். இன்று உலகம் கொண்டாடும் அவருடைய படங்கள் பெரும்பாலும் ஏலத்தில் எடுத்தவர்கள் பொறுக்கியவை. அவற்றில் எது அவருக்குப் பிடித்தது என்று இனி யாரிடம் கேட்பது?

நாட்டுக்கே காலண்டரும் லேபிளும் அடித்துக் கொடுக்கும் வட்டாரம் இது. தாள் தெரிந்தவர்களும் மை தெரிந்தவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இங்கேயே ஒருவர் தம் ஆண்டை ஃபோனுக்குள் விட்டுவைப்பதற்குச் சாக்கு எதுவும் கிடையாது. பன்னிரண்டு படத்தையும் தாளில் அடித்து, ஒவ்வொன்றின் பின்புறமும் ஆள், இடம், தேதி, ஏன் இது என்ற இரண்டு வரி ஆகியவற்றை அழியாத மையில் எழுத வேண்டும். அதன் பிறகு தாராளமாக நண்பர்களிடம் காட்டலாம், போட்டி நடுவரிடமும் காட்டலாம். மதிப்பெண் கேட்க வேண்டாம். எந்தப் படம் அவர்களுக்கு விளங்கவில்லை என்று மட்டும் கேட்டால் போதும். விளங்கவில்லை என்று சொன்ன படத்தை எடுத்துவிடக் கூடாது. அதன் பின்புறம் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.